கழற்றிய கொக்கி

காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு மட்டும் பாய்மரப் படகு நேராகப் போகாது. கொச்சியில் இந்தப் படகை வாங்கிய முதல் நாளே புருஷன் கஸ்பார் எமில்டாவுக்கு இதைச் சொல்லித்தந்தார், மாவு படிந்த சப்பாத்திப் பலகையில் விரலால் கோடு இழுத்து. இப்படிக் கொஞ்ச தூரம், அப்புறம் அப்படிக் கொஞ்ச தூரம், கோணிக் கோணித்தான் ஏற முடியும். இம்புட்டுப் பெரிய பாயை வைத்துக்கொண்டு நேரே ஒரு இடத்துக்குப் போக இதுக்குத் துப்பில்லையா என்று எமில்டா கேட்டுச் சிரித்தாள். சிரித்த வாயில் இப்போது உப்புக் கரிக்கிறது. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்கே எங்கேயோதான் அவள் புருஷன் தண்ணீரில் கிடக்கிறார். மாலத்தீவிலிருந்து தூத்துக்குடிக்கு, வீட்டுக்கு, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு சுகமாக வந்துகொண்டிருந்த படகு. படகில் இரண்டே பேர். அதில் ஒருவர் இல்லை. எப்போது விழுந்தார் என்று தெரியாது. அவள் கீழே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கினாள், எழுந்தாள், டீ போட்டாள், குடித்தாள், பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தாள், மேலே ஆள் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆயுசெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இப்படி ஒரு கணக்கு. படகின் வேகம் தெரியும், வந்த வழி ஜிபிஎஸ் திரையில் கோடாகக் கிடக்கிறது, விழுந்த நேரம் மட்டும் இல்லை. டீச்சர், கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு என்று ஏதாவது ஒரு வாண்டு எழுந்து நிற்கும். உட்காரு, இருக்கிறதை வைத்துப் போடு. இருப்பது என்ன? இந்தச் சுக்கான் கட்டை, இந்தக் காற்று, உச்சி தாண்டிச் சாய ஆரம்பித்துவிட்ட வெயில். இருட்டுவதற்குள் போட்டு முடிக்க வேண்டிய கணக்கு.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டாள். அப்படித்தான் நினைக்கிறாள், எதையோ விட்டுவிட்டது போலவும் இருக்கிறது. ஆள் விழுந்தால் முதலில் மிதக்கிறதையெல்லாம் தூக்கிப் போடு என்று சொல்லியிருக்கிறார். போட்டாள். ஆரஞ்சு வளையம், உட்காருகிற மெத்தைகள், தலையணை, எல்லாம். போட்ட பிறகுதான் உறைத்தது, அவர் விழுந்த இடத்திலா போட்டாள், அவர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்த இடத்தில் அல்லவா போட்டிருக்கிறாள். ரேடியோவில் கூப்பிட்டாள். எங்கோ ஒரு கப்பல்காரன் தூக்கக் கலக்கமான இங்கிலீஷில் இடத்தைக் கேட்டான், சொன்னாள், இரைச்சல் வந்து அவனை மூடிக்கொண்டது. ஆபத்துக்கென்று வைத்திருந்த மஞ்சள் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அது மினுக்கிக்கொண்டிருக்கிறது, யாராவது வருவார்கள், நாளைக்கு வருவார்கள். இன்றைக்கு அவள்தான். இன்ஜின் இருந்தால் மூக்கை மேற்கே திருப்பிக் கோட்டின் மேலேயே போயிருக்கலாம். இன்ஜின் இருக்கிறது, ஓடாது. வாலிபம் முழுக்கக் கப்பல் இன்ஜின் அறையில் வெந்து, கிரீஸ் மணத்தோடு வீட்டுக்கு வந்து, இனி ஜென்மத்துக்கும் அந்தச் சத்தம் கேட்க மாட்டேன் என்று பாய் கட்டிய படகை வாங்கிய சீஃப் இன்ஜினியர் கஸ்பார் துரைக்கு இந்தச் சின்ன இன்ஜினைக் கவனிக்க மனசு வரவில்லை. மாலத்தீவில் டீசலில் உப்புத் தண்ணீர் புகுந்தபோது, விடு, காத்து இருக்கு, வீட்டுல போய்ப் பாத்துக்கிடலாம் என்றார். காற்று இருக்கிறது. காற்று மட்டும்தான் இருக்கிறது. அருள் நிறைந்த என்று மாதா ஜெபத்தை ஆரம்பிக்கிறாள், பாதி வரைக்கும் போகிறாள், மரண வேளை வருகிற இடத்தில் ஜெபம் நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் நடந்துவிடும் என்று பயந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

பாயை மறுபக்கம் மாற்ற வேண்டும். சுக்கானைத் தள்ளினாள், படகு முகத்தைக் காற்றுக்குள் கொண்டுபோய் ஒரு கணம் தயங்கியது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு மறுபக்கம் விழுந்து நிறைந்தது. கயிற்றை வின்ச் உருளையில் சுற்றி இழுக்கக் குனிந்தபோது மார்பில் ஏதோ குத்தியது. கொக்கி. பார்த்தாளே ஒழியத் தொடவில்லை. மேலே நிற்கிறவரையும் படகையும் சேர்த்துக் கட்டுகிற வார் அது, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி, ஒன்று மார்புக் கச்சையில், ஒன்று படகில். விழுந்தாலும் படகோடு கிடக்கலாம். அவர் இல்லை என்று தெரிந்து கீழே ஓடி, அலறிக்கொண்டு மறுபடி மேலே வந்தபோதுகூட அவள் கை பழக்கத்தில் தன்னைப் பத்திரமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. கச்சை ஆளுக்கு ஒன்று உண்டு. வாரும் இரண்டு இருந்தது, ஒன்றின் கொக்கி துருவேறி இறுகிப்போனது. எப்படியும் ஒரு நேரத்தில் ஒருத்தர்தானே மேலே என்று ஒன்றிலேயே ஓட்டினார்கள். அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. முறை மாறும்போது கீழே போகிறவர் தன் மார்பிலிருந்து கழற்றி மேலே வருகிறவர் மார்பில் மாட்டிவிட வேண்டும். தானே மாட்டிக்கொள்ளக் கூடாது, மற்றவர் கைதான் மாட்ட வேண்டும். அவர் போட்ட சட்டம். இந்த வயசில் நடுக்கடலில் இன்னொரு தாலியா என்று அவள் கேலி செய்த அன்று, கிழவருக்கு வெட்கம் வந்து வானத்தைப் பார்த்தார். அவர் அவளுக்கு மாட்டினால் மாட்டியதோடு சரி. அவள் அவருக்கு மாட்டினால் மட்டும் டக், டக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். மறந்தும் விட்டதில்லை. அந்த இரண்டு இழுப்பும் அவளைச் சுருக் சுருக்கென்று தைக்கும், சொல்லாமல் வைத்திருந்தாள். இன்று விடியும்போது சொல்லிவிட்டாள். விடிய விடிய முழித்துக் கண் எரிந்தது. முந்தின நாள் பாத்திரம் கழுவாமல் தொட்டியில் கிடந்து நாறியது. அவர் நன்றாகத் தூங்கி எழுந்து, முகம் மலரக் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். மாட்டினாள். டக், டக்.

"நான் மாட்டுனா நம்ப மாட்டியளா?"

"பழக்கம்ட்டி. இதுல நம்பிக்கை எங்க வந்துச்சு?"

"வீட்டை, புள்ளைய, உங்க அம்மைய, எல்லாத்தையும் என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போனிய. ஒத்தக் கொக்கிய நம்ப முடியல என்ன?"

"விடியக்காலமே ஆரம்பிக்காத. போய்ப் படு."

"நம்பாத கொக்கி உங்களுக்கு எதுக்கு?"

இதைச் சொல்லிக்கொண்டே கழற்றினாள். அவர் மார்பிலிருந்து ஒரு முனை, படகிலிருந்து மறுமுனை, இரண்டையும் கழற்றி வாரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஒரு குரல், ஏட்டி அதைக் கொடு என்று ஒரே ஒரு குரல். கேட்க மாட்டார். அவரும் அந்த ரோசத்தில் பிறந்தவர்தானே. படுத்தவளுக்கு முதலில் தூக்கம் வரவில்லை, எழுந்து போய்க் கொடுத்துவிடலாமா என்று ஒரு புரளல், கொடுத்தால் மறுபடி இரண்டு இழுப்பு இழுப்பாரே என்று மறு புரளல், அந்தப் புரளலில் தூங்கிவிட்டாள். தூங்கியிருக்கிறாள், சண்டாளி. இந்தக் கையால் கழற்றினாள். யாராவது நாளைக்கு வந்து எப்படி விழுந்தார் என்று கேட்டால் என்ன சொல்வாள், கால் வழுக்கியது என்பாளா, அலை அடித்தது என்பாளா. பெங்களூரில் இருக்கிற மகள் போனில் அழுவாள். அழுதால்கூடத் தாங்கலாம். அம்மா, அப்பா வார் மாட்டித்தானே இருந்தாங்க என்று கடைசியில் கேட்பாள். இந்த இடத்துக்கு வந்ததும் எமில்டாவின் எண்ணம் முள்ளில் பட்ட சேலையாக நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும். திரும்ப ஜெபத்துக்குப் போகிறாள், அருள் நிறைந்த.

ஆரஞ்சு. அலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆரஞ்சு, இதோ, மறுபடி. எழுந்து நின்றுவிட்டாள், சுக்கான் கை தவறியது, படகு துள்ளியது, என்னங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். அலை இறங்கியது. வளையம். பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட தலையணை, ஊறித் தடித்து. தான் போட்ட இடத்துக்கே வந்து நிற்கிறாள். இவ்வளவு நேரம் கோணிக் கோணி ஏறியதாக நினைத்தது அத்தனையும் கோணலாகவே கழிந்திருக்கிறது, ஒரு கை தூரம்கூட மேற்கே ஏறவில்லை. பாயை இறுக்க வேண்டிய இடத்தில் தளர்த்தினாளோ, திருப்பும்போதெல்லாம் விட்டுக்கொடுத்தாளோ. அவர் இருந்தால் இந்நேரம் உச்சுக்கொட்டியிருப்பார். அவர் இருந்தால். மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள், காலை ஊன்றிக் கயிற்றை இறுக்கினாள், உள்ளங்கை தோல் உரிந்தது, இப்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து காற்றைக் கடித்துக்கொண்டு ஏறியது. கண் மேற்கேயே இருந்தது. திரையில் கோட்டின் மேல் ஒரு புள்ளி உண்டு, முறை மாறும்போதெல்லாம் வைக்கிற புள்ளி, இன்று விடியக்காலம் அவளே வைத்தது. அங்கேதான் சண்டை போட்டாள், அங்கேதான் கழற்றினாள். அந்தப் புள்ளிக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது. அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் அவர் இருப்பார். கழற்றிய கையோடு விழுந்திருப்பார், கோபத்தில் கால் பார்க்காமல் வைத்திருப்பார், விழுந்து கத்தியிருப்பார், அவள் அப்போது முழித்துத்தான் கிடந்திருப்பாள், புரண்டுகொண்டு.

அவர் போட்டிருந்தது நீலப் பனியன். வெளுத்து நைந்துபோன அந்தப் பனியனைத் தூக்கி எறியச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், மஞ்சள் போடுங்க, சிவப்பு போடுங்க, பார்க்கவாவது தெரியும். நீலத்துக்குள் நீலத்தை எப்படித் தேடுவது. நீந்துவார், கடற்கரைக்காரருக்கு யாரும் நீச்சல் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இருதயத்துக்கு மாத்திரை போடுகிற உடம்பு. காலை மாத்திரை போட்டாரோ. கம்பெனியில் கடலில் விழுந்தால் பிழைக்கிற பயிற்சிக்கு அனுப்பினார்கள் என்று பீற்றிக்கொள்வார், கையில் என்ன கிடைக்கிறதோ அதில் காற்றை அடைத்து மிதக்கணும், கால்சட்டையைக் கழற்றி முடிச்சுப் போட்டாக்கூட மிதக்கலாம் என்பார். அப்ப உங்களைக் காப்பாத்த வர்றவன் உங்களை எந்தக் கோலத்துல பார்ப்பான் என்று அவள் கேட்பாள். எத்தனை சிரிப்பு சிரித்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடலைப் பார்த்துக் காத்திருந்தவள். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு. புயல் என்று ரேடியோ சொன்னால் எந்தக் கடல் என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாள். அப்போதெல்லாம் பயத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது, செய்ய ஒன்றும் கிடையாது, மெழுகுவர்த்தி ஏற்றலாம், காத்திருக்கலாம். ரிட்டயர் ஆகி வந்து, இத்தனை காலம் நான் மட்டும் பார்த்ததை நீயும் பாரு என்று கூட்டிக்கொண்டு வந்தார். சாகிறபோதாவது பக்கத்தில் இருப்போமே என்று நினைத்துத்தான் படகில் கால் வைத்தாள், வாய் விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு பலகைக்குக் கீழே, தூங்கிக்கொண்டு. அவர் விழுந்த பிறகும் படகு ஒரு சொட்டு வழி பிசகவில்லை. பின்னால் காற்றுத் தகடு வைத்துத் தானாகச் சுக்கான் பிடிக்கிற ஒரு கருவி இருக்கிறது, வாய் பேசாமல் வேலை செய்கிறது என்று அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை மாமனாரைத் தண்ணீரில் விட்டுவிட்டுச் சொன்ன வழியில் போய்க்கொண்டே இருந்தான். அவன் மேல் என்ன குற்றம்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. திரையைப் பார்த்தாள், படகைக் காட்டுகிற சின்ன முக்கோணம், வெகு தூரத்தில் அந்தப் புள்ளி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், விரல் விட்டுக்கூட எண்ணினாள். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாது. பாதி தூரம்கூட முடியாது. காலை முழுக்க முதுகில் காற்றை வாங்கி ஓடி வந்த தூரத்தை மூஞ்சியில் காற்றை வாங்கி ஒரு பின்னேரத்தில் ஏற முடியுமா, ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் முடியாதென்று. முதலிலேயே தெரிந்திருக்கும் அவளுக்கு, தெரியாத மாதிரி கோணிக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து நான்கு பக்கமும் பார்த்தாள். தண்ணீர். இங்கேயும் அதே தண்ணீர்தான், அங்கேயும் அதே தண்ணீர்தான், ஒரு அடையாளம் கிடையாது, ஒரு கல் கிடையாது, ஒரு மரம் கிடையாது, இந்த இடத்தில்தான் என்று சொல்லிப் பின்னால் ஒரு பூ போட்டுவிட்டு வரக்கூட இடம் கிடையாது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு போகும், அவள் எதை எடுத்துக்கொண்டு எங்கே போவாள். என்னங்க என்று கூப்பிட்டாள். கத்தவில்லை, அடுக்களையிலிருந்து முன்னறைக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள். பிறகு அழுதாள், சுக்கான் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு, யாரும் இல்லை என்பதால் அசிங்கமாக. தானும் இறங்கிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது பெரிய நினைப்பாக வரவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாமா என்று வருகிற மாதிரி வந்தது, அதனால் பயந்துபோனாள்.

தொண்டை ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அந்த ஒரு டீதான். கீழே இறங்கும் படியின் மேல்தட்டில் அவருக்கு வைத்த டீ இன்னும் இருந்தது, தட்டின் குழிக்குள் பதிந்து, ஆடை படிந்து. பேச்சு வார்த்தை இல்லாத நாளில் அப்படித்தான் கொடுப்பாள், கீழே நின்றபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் மேலே நீட்டி வைத்துவிட்டுப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவாள். இன்றும் வைத்தாள், தட்டினாள். எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போங்கள் என்று தன் டீயைக் குடித்தாள். கடலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஒரு வெறும் கடலிடம் கோபித்துக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டு, அவருடைய டீ ஆடை கட்டுகிற வரைக்கும். பிறகு மேலே வந்தபோதுதான் பார்த்தாள், முந்தின நாள் பாத்திரமெல்லாம் படியோரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கஞ்சிப் பானை, தட்டு, தம்ளர். அவள் தூங்கும்போது கீழே வந்து எடுத்துப் போயிருக்கிறார், தொட்டி காலியாக இருந்ததை டீ போடும்போது கோபத்தில் அவள் கவனிக்கவில்லை. குழம்புச் சட்டி மட்டும் பாதி தேய்த்தபடி கிடந்தது. சிவப்பு வாளியைக் காணவில்லை. ஓடுகிற படகில் வாளியை நிறைய முக்கினால் தண்ணீர் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும், பாதிதான் மொள்ள வேண்டும் என்று அவளுக்குச் சொன்னவரே அவர்தான். ஆயுசில் ஒரு எச்சில் தட்டைக் கழுவாத மனுஷன், அவள் வாயைச் சமாதானப்படுத்தப் பாத்திரம் கழுவப் போய் விழுந்திருக்கிறார். அதை நினைக்க முடியாமல்தான் இவ்வளவு நேரமும் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தாள். இப்போது அந்த ஆறிய டீக்காகக் கையை நீட்டினாள், அதே கை, அதே தட்டு. நீட்டிய கை நடுவழியில் நின்றது. மணிக்கட்டு. மணிக்கட்டில் அப்போது ஒரு சொட்டு விழுந்ததே.

டீயை வைத்தபோது மணிக்கட்டில் தண்ணீர் சொட்டியது. மேலே கவிழ்த்து வைத்திருந்த பானையிலிருந்து சொட்டியிருக்கிறது, அலைத் தண்ணீர் என்று நினைத்து நைட்டியில் துடைத்தாள், எலுமிச்சை மணம் வந்தது, பாத்திரம் விளக்குகிற சோப்பின் மணம், கடலுக்கு ஏது எலுமிச்சை மணம் என்று ஒரு நொடி தோன்றியதுகூட இப்போது நினைவு வருகிறது. இந்த வெயிலில் கழுவிய பானை எவ்வளவு நேரம் சொட்டும்? வாய் கொப்பளிக்கிற நேரம் சொட்டுமா. அப்படியானால் அவள் டீ வைக்கிறபோது அவர் மேலே இருந்திருக்கிறார். அல்லது அப்போதுதான். ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது, அந்த இரைச்சலுக்கு மேல் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது, கேட்டது, கோபத்தில் வாளியைப் போட்டு உடைக்கிறார் பார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஸ்பாரின் கோபம் அவளுக்குத் தெரியாததா? போனில் சண்டை போட்டு வைத்தால் அரை நாள் கழித்துத்தான் கூப்பிடுவார், சாப்ட்டியா என்பார், அதுதான் மன்னிப்பு. காலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வெயில் ஏற ஏறக் கோபம் இறங்கியிருக்கும், உச்சிக்குப் பானையைத் தேடி எடுத்திருப்பார். சண்டை போட்ட இடத்தில் அவர் விழவில்லை. சமாதானமான இடத்தில் விழுந்தார். அவள் ஒரு டீ குடித்த தூரம், ஒரு குறுக்கெழுத்துத் தூரம், மெத்தை போட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே. அதைத் தாண்டிப் போய்விட்டாள். பாவம் செய்த இடத்திலேயே தண்டனை காத்திருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, மேற்கே மேற்கே என்று அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறாள். வளையத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கி ஏறினாளே, அப்போது பக்கத்தில்தான் எங்கோ மிதந்துகொண்டு அவள் போவதைப் பார்த்திருப்பார். கூப்பிட்டிருப்பார். எதிர்க்காற்றில் அவள் காதுக்கு வந்திருக்காது.

தப்பாக இருந்தால்? இப்போது திரும்பினால் உயிரைக் கொடுத்து ஏறிய இந்தத் தூரமெல்லாம் ஒரு நொடியில் போய்விடும், இருட்டுவதற்குள் மறுபடி ஏற முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சோப்பு மணம், இதை நம்பி. நம்ப மாட்டியளா என்று கேட்டவள் அவள்தான். சுக்கானை இழுத்தாள். படகு ஏதோ இதற்காகவே காத்திருந்ததைப் போலத் திரும்பிக்கொண்டது, காற்று முதுகுக்கு வந்தது, சட்டென்று எல்லாம் அமைதியானது. ஏற மணிக்கணக்காகப் பாடுபட்டதைப் படகு சிரமமே இல்லாமல் இறங்கியது. வெயிலும் இப்போது பின்னால் இருந்தது, முன்னால் கடல் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். இமைக்கக்கூடப் பயமாக இருந்தது. அலை, அலை, அலையின் நிழல், அழுக்குத் தெர்மோகோல் துண்டு, அலை. ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது, இந்த முறை மரண வேளையையும் தாண்டி ஓடியது, அவள் கவனிக்கவில்லை. வெயில் தண்ணீரைத் தொட்டுவிட்டது. தூரத்தில் ஆரஞ்சு, அது வளையம், ஏமாற மாட்டாள். அதற்கு இந்தப் பக்கம், நன்றாக இந்தப் பக்கம், சிவப்பு. பொட்டு அளவு சிவப்பு. போய்விட்டது. வந்தது. கவிழ்ந்த வாளியின் அடிப்பாகம், அதன் மேல் ஒரு கை.

விழுந்த ஆள் பக்கத்தில் படகைக் கொண்டுபோய் நிறுத்துவாளா என்று அவருக்கு அவள் மேல் சந்தேகம் உண்டு. கொச்சியில் தண்ணீர் கேனைத் தூக்கிக் கடலில் போட்டு, அதுதான் ஆள், எடு என்பார். அவள் ஒவ்வொரு முறையும் வேகமாக வந்து தாண்டிவிடுவாள். போச்சு, ஆள் செத்தான், மறுபடி வா என்பார், சிரித்துக்கொண்டே. ஆளுக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் போ, அப்புறம் முகத்தைக் காற்றுக்குத் திருப்பு, காற்றைப் பார்த்து நின்றால் இது நகராது என்பார். போக முடியாத அந்தத் திசைதான் நிறுத்துகிற திசை. இப்போது சுக்கானைப் பிடித்து வந்தாள், திருப்பினாள், சீக்கிரம் திருப்பிவிட்டாள், படகு அவருக்கு எட்டாமல் நின்று பின்னால் தள்ளிக்கொண்டு போனது. முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது, உதடு வெள்ளையாக இருந்தது, வாளியின் கைப்பிடிக்குள் முழங்கை வரை நுழைத்து அதற்குள் அடைபட்ட காற்றின் மேல் கன்னத்தை வைத்துக் கிடந்தார். ஆள் செத்தான் என்று காதுக்குள் கேட்டது. "இல்ல," என்று வாய்விட்டுச் சொன்னாள், "மறுபடி வாரேன், இருங்க, மறுபடி வாரேன்." சுற்றி வந்தாள். நிதானமாக, அவர் சொன்னபடி, கீழ்ப்பக்கம் போய், எண்ணி, திருப்பினாள். பாய் அடித்துக்கொண்டது, படகு தயங்கியது, நின்றது. நீலப் பனியன் படகின் விலாவில் வந்து முட்டியது. பின்பக்க ஏணியை இறக்கிவிட்டிருந்தாள், ஆனால் அதுவரைக்கும் அவரைக் கொண்டுபோக வேண்டுமே. முதலில் மாட்ட வேண்டும். பலகையில் குப்புறப் படுத்துத் தன் மார்பிலிருந்து கொக்கியைக் கழற்றினாள், மறுமுனை படகில் இருந்தது, கையைத் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுத் தேடினாள். கச்சை இருந்தது. வாரைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் மனுஷன் வெறும் கச்சையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். கச்சையின் வளையம் விரலுக்கு அகப்பட்டது. மாட்டினாள். கொக்கி மூடுகிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

"மாட்டிட்டேன்," என்றாள்.

கண் திறக்கவில்லை. அலை ஒன்று அவரைத் தூக்கியது, வார் அவள் கைக்குள் விறைத்தது, அலை இறங்கியது, தளர்ந்தது. அது அலை. மறுபடி விறைத்தது, தளர்ந்தது. அதுவும் அலைதான். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவள் முகத்தை எவ்வளவு தாழ்த்தியும் எட்டவில்லை. அப்போது வாளிக் கைப்பிடியிலிருந்து ஒரு கை மெல்லக் கழன்றது. தோல் சுருங்கி வெளுத்துப்போன அந்தக் கை பனியனைத் தடவித் தடவி மார்புக்கு வந்து வாரைக் கண்டுபிடித்தது. ஒரு தடவை இழுத்தது. எமில்டா அசையாமல் படுத்திருந்தாள். இன்னொரு தடவை இழுத்தது.